அலுங்காத வண்டி

பல் டாக்டர் குழந்தைவேலு தன் பழைய ஹெரால்டு காருக்குப் புது ரப்பர் புஷ் மாட்டிய வாரத்திலிருந்து, காரைப்பாளையத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிற உப்புக்கிணற்று வீதி குலுங்க ஆரம்பித்தது. அவர் வீடு மேற்குக் கோடியில் இருந்ததாலும், அந்த வீதியில் அவருக்கு உறவென்றும் பகையென்றும் யாரும் இல்லாததாலும், விஷயம் அவர் காதுக்கு வர நாளானது. வந்த பிறகும் அவர் வண்டியை நிறுத்தவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கார் ஒரு மலைத்தோட்டத்து பங்களாவின் கொட்டகையில், பின்சீட்டில் கோழிகள் முட்டையிட, முன்கண்ணாடியில் சிலந்தி வலை பின்ன, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. பல் செட் பொருத்திக்கொள்ள வந்த தோட்டத்துக்காரர் பேச்சுவாக்கில் அதைச் சொல்ல, டாக்டர் போய்ப் பார்த்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் கிளினிக் முடிந்த நேரமெல்லாம் அவருக்கு அங்கேதான். மெக்கானிக் பாட்சாவும் அவருமாகத் துருவைச் சுரண்டினார்கள், தகரம் வெட்டி ஒட்டினார்கள், எஞ்சினைக் குடைந்து கோத்தார்கள், துவரைப் பூவின் வெளுத்த மஞ்சளில் பெயின்ட் அடித்தார்கள். எல்லாம் ஆன பிறகு வண்டி பார்க்க அழகாக இருந்தது. ஏறி உட்கார்ந்தால் முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல் இருந்தது.

டாக்டரின் மனைவி பூங்கோதை அதில் ஒரே ஒரு தடவை ஏறினாள், வாசலிலிருந்து தெருமுனை வேகத்தடை வரைக்கும். அங்கேயே இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். “நல்லாத்தான் இருக்குதுங்க வண்டி,” என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நடக்கிறதில் அவளுக்குக் கஷ்டம் இல்லை, உட்கார்கிறதில் இல்லை, ஆனால் எந்த வண்டியில் ஏறினாலும் ஒவ்வொரு குலுக்கலும் ஆணி மாதிரி இறங்கியது. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள். மலைகளையும் ஆறுகளையும் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைகிறவள். அவள் கால் போகிற தூரம்தான் இப்போது அவள் உலகமாக இருந்தது. டாக்டர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அந்தக் காரை அவர் அவளுக்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

“புஷ் போயிடுச்சு சார், அதான்,” என்றார் பாட்சா. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளைக் கழற்றி, வைஸில் இறுக்கிப் பிடித்து, துருவோடு ஒட்டிக்கிடந்த பழைய புஷ்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தள்ளி ஒரு தகர மூடியில் போட்டு நீட்டினார். பல் டாக்டரின் கண்ணுக்கு அவை ரப்பராகத் தெரியவில்லை, ஈறாகத் தெரிந்தன. கறுத்து, வெடித்து, விரல் பட்டால் பொடிந்து, நடுவிலிருந்த இரும்புக் குழலைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டுவிட்ட ஈறுகள்.

“சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல இதுதான் உக்காந்திருக்கும். ரோட்டுல விழுற அடியெல்லாம் இது வாங்கிக்கும், ஆளுக்குத் தெரியாது. இதுக்கு உசுரு போயிட்டா அத்தனையும் முதுகுக்கு,” என்றார் பாட்சா.

அந்தக் காலத்து வண்டிக்குப் புது புஷ் கடையில் கிடைக்கவில்லை. பாட்சாதான் உப்புக்கிணற்று வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ரெஜினாமேரி தன் வீட்டு முன்னறையில் ஒரு பிரஸ் வைத்து, மிக்ஸியின் ரப்பர் கால்களும் மோட்டாருக்கான வாஷர்களும் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற, உரக்கச் சிரிக்கிற அம்மாள். பொடிந்த புஷ்ஷைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“யாருக்குங்க டாக்டர் வண்டி? உங்களுக்கா, அம்மாவுக்கா?”

“அவளுக்குத்தான். முதுகுல ஆபரேஷன் பண்ணியிருக்கு. குலுக்கல் ஆகாது.”

“அப்பச் சரிங்க. அம்மா மேல ஒரு துளி அடி உழுகாது. அத்தனையும் வேற பக்கம் போயிரும், பாத்துக்கங்க,” என்று சொல்லிச் சிரித்தார். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். பின்னாளில் அதில் என்ன கலந்தீர்கள் என்று ஊரே கேட்டபோது, எப்போதும் கலக்கிறதைத்தான் கலந்தேன் என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னார், அது உண்மைதான்.

புது புஷ்களைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே அழுத்தி, வண்டியை இறக்கி, அது தன் சொந்த எடையில் தரையில் நின்ற பிறகே போல்ட்டுகளை இறுக்கினார்கள். தூக்கி வைத்துக்கொண்டே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொள்ளும் என்றார் பாட்சா. மறுநாள் சாயங்காலம் பூங்கோதை தயங்கித் தயங்கி ஏறினாள். தெருமுனை வேகத்தடை வந்தது, அவள் பல்லைக் கடித்தாள், வேகத்தடை போய்விட்டது. சந்தை வாய்க்கால் பள்ளம் வந்தது, கரும்பு எடைமேடை வந்தது, ரயில்வே கேட் வந்தது, வந்தவை எல்லாம் போயின. வண்டி குளத்தில் விட்ட வாத்து மாதிரி போய்க்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி சோளக்காடுகள் விரிந்த இடத்தில் அவள் கண்ணாடியை முழுக்க இறக்கி, வெளியே கையை நீட்டினாள். பிறகு அழுதாள். டாக்டருக்கு வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் இல்லை.

அதே சாயங்காலம் உப்புக்கிணற்று வீதியில், வேகத்தடை ஒரு தூக்கு தூக்கியது, சந்தை வாய்க்கால் ஒரு சாய்ப்பு சாய்த்தது, எடைமேடை தடதடத்தது, ரயில்வே கேட் இரண்டு தரம் உலுக்கியது. பால் தரையில் ஓடியது, சாமி படம் கவிழ்ந்தது, சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பூகம்பம் என்று எல்லோரும் வெளியே ஓடிவந்து பார்த்தால் பக்கத்து வீதியில் நிழல்கூட அசையவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், கல்குவாரி வெடி என்று ஒருவர் சொன்னார், நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார், இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வீதி பழகிக்கொண்டது. சனங்கள் எதற்குத்தான் பழகுவதில்லை. தண்ணீர்க் குடங்களைக் கழுத்தோடு சேர்த்துச் சுவரில் கட்டினார்கள். டீக்கடையில் முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றுவது நின்றது. முடிவெட்டுகிறவர் முதல் அதிர்ச்சி காலில் பட்டதுமே கத்தியை வாடிக்கையாளரின் கழுத்திலிருந்து எடுத்துவிடக் கற்றுக்கொண்டார். தொட்டில் கட்டியிருந்த வீடுகளில் ஆட்டுகிற வேலை மிச்சமானது. குலுக்கல்கள் ஒரே வரிசையில் வந்ததால் பெண்கள் அதைத் தோசை சுட்டுக்கொண்டே வாசிக்கப் பழகினார்கள். “இது சந்தை வாய்க்கா,” என்பாள் ஒருத்தி. “அடுத்து எடைமேடை, சட்டியைப் பிடி,” என்பாள் இன்னொருத்தி. ஊரைவிட்டு வெளியே போகாதவர்கள்கூட ஊரின் சாலைகளைக் காலடியில் தெரிந்துகொண்டார்கள். புதுப் பாதை ஒன்று குலுங்கினால், “இன்னிக்கு எங்கியோ புது எடம்” என்று பேசிக்கொண்டார்கள்.

டாக்டரின் கிளினிக்குக்கு அந்த வீதியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கடித்த நாக்கு, முனை உடைந்த பல், வெடித்த கடைவாய். முதலில் அவர் ஒன்றும் நினைக்கவில்லை. ஒருநாள் தையல்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி சைகையிலும் குழறலிலும் தன் கதையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பட்டாணி மென்றுகொண்டிருந்தபோது, முதலில் ஒரு சின்னத் தூக்கல், பிறகு ஒரு சாய்ப்பு, பிறகு தடதடவென்று, கடைசியில் அடுத்தடுத்து இரண்டு உலுக்கல். இரண்டாவதில்தான் பல் போனது.

டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். வேகத்தடை, வாய்க்கால், எடைமேடை, கேட்.

அவர் படித்தவர், பரிசோதித்துப் பார்த்தார். பாட்சாவை வண்டியை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்வரச் சொல்லிவிட்டு, தான் உப்புக்கிணற்று வீதி டீக்கடையில் போய் உட்கார்ந்தார். முதல் தூக்கல் வந்ததும் டீக்கடைக்காரர் பாட்டில்களின் மேல் கையை அகல விரித்து வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரருக்குச் சொல்லும் மரியாதையோடு, “பெஞ்சைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க டாக்டர், நாலு வரும்,” என்றார். நாலு வந்தது. டாக்டர் சிந்திய டீயைப் பார்த்தார், டீக்கடைக்காரரைப் பார்த்தார், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, “இன்னொரு டீ குடுங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பூங்கோதை ஒரு பழைய நிலப்படத்தைக் கட்டிலில் விரித்துவைத்துக் குனிந்திருந்தாள். “ஏங்க, அடுத்த வாரம் இந்த ஆத்துப் பக்கம் போலாங்களா? நான் பாடம் நடத்துனதோட சரி, பாத்ததே இல்லை.” அவள் கன்னத்தில் வெயில் பட்ட நிறம் வந்திருந்தது. போகலாம் என்றார் டாக்டர்.

அன்று முதல் அவர் உப்புக்கிணற்று வீதிக்காரர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றார். அவர்கள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கோணும் என்றார்கள். ஊசி போடும்போது வலிக்கிறதா என்று கேட்டால், இல்லீங்க டாக்டர், இல்லீங்க என்று தலையாட்டினார்கள். எல்லா நோயாளிகளும் சொல்கிற பொய்தான் அது. ஆனால் இந்த வீதிக்காரர்கள் சொல்லும்போது அவர் ஈறு மரத்துவிட்டதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

தனக்குத்தானே அவர் பல சமாதானம் சொல்லிக்கொண்டார். வாரத்தில் ஒரே ஒரு தடவைதானே. மெதுவாகத்தானே ஓட்டுகிறேன். விடிகாலையில் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்ச் சாலைக் குழிகளில் சரளை கொட்டி மிதித்துவிட்டு வந்தார். ஊர் அதைப் பார்த்துவிட்டு அவரை நகராட்சித் தேர்தலில் நிற்கச் சொன்னது. தினமும் இரண்டு மூன்று குழி மூடினார், மழையும் லாரியும் அதைவிட அதிகமாகத் திறந்தன.  ஞாயிறு வந்தால் பூங்கோதை மதியமே புடவை மாற்றிக்கொண்டு, ஃப்ளாஸ்கில் காபி ஊற்றிவைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவர் சாவியை எடுப்பார்.

ஆற்றுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. திரும்பி வரும்போது, பூங்கோதை அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எதிரே பாரம் ஏற்றிய லாரி ஒன்று நடுச்சாலையில் ஏறி வந்தது. டாக்டர் ஒடித்துத் திருப்பினார். வண்டி உடைந்த சிறுபாலத்துப் பள்ளத்தில் முன்சக்கரம் இரண்டும் விழுந்து எழுந்தது. ஓர் ஆள் உயரத்துக்குப் புழுதி எழும்பியது. உள்ளே பூங்கோதையின் மூக்குக்கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கவில்லை. அவள் தூக்கத்தில் லேசாகச் சிரித்தாள். டாக்டர் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்தில் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும்போது ரெஜினாமேரி படியில் காத்திருந்தார். சிரிக்கவில்லை.

“பல்லுக்கு வரலீங்க. சொல்லிட்டுப் போக வந்தேன். எங்க ஊட்டுக்கு எதிர்த்தாப்ல தமயந்தின்னு ஒரு புள்ள பஜ்ஜிக் கடை போடுதுங்க. நேத்து எண்ணெய்ச் சட்டி அவ மேல சாஞ்சிருச்சு. வலது கை முச்சூடும். ஆசுபத்திரியில இருக்கா.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளிகளுடைய நாற்காலி அது.

“ரெஜினாம்மா, உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியுமுங்க. நான் வார்த்த ரப்பரு, எனக்குத் தெரியாதுங்களா? எட்டாம் நாளு வீதிக்கே தெரிஞ்சுபோச்சு. உங்க கிளினிக் சோபாவுல உக்காந்துக்கிட்டு அம்மா மறுபடி வெளிய போறாங்கன்னு கேள்விப்பட்டாங்க, கணக்குப் போட்டுட்டாங்க.”

“தெரிஞ்சுமா எங்கிட்ட வந்தாங்க? வாயைத் திறந்து காட்டிக்கிட்டு, என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு...”

“என்னங்க பண்றது. நீங்களும் சும்மா இல்லாம ஓசியில பாக்கறீங்க, குழி மூடறீங்க. அந்தம்மாவும் பாவம்னு ஒருத்தர் சொல்லுவாங்க. நமக்கும் ஊர் சுத்துன மாதிரி ஆச்சுன்னு இன்னொருத்தர் சொல்லுவாங்க. நீங்களா வந்து சொல்லட்டும்னு இருந்தோம்.” ரெஜினாமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “நான்தான் சொல்லியிருக்கோணும். அலுங்காதுன்னு வாக்குக் குடுத்தவ, வேலை சரியா அமைஞ்சுபோச்சேன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அதான் வாயை அடைச்சிருச்சு.”

அன்று மதியம் டாக்டர் பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.  பூகோள டீச்சருக்கு அது நம்ப முடியாத விஷயமாகவும் தெரியவில்லை. ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் எழும்பும் என்று அவள் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறாள். நிலப்படத்தை மடித்து வைத்தாள்.

“எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?”

“அந்தத் தையல்காரர் வந்ததிலிருந்து.”

“அதுக்கப்புறம் எத்தனை தடவை என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?”

டாக்டர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

“என் முதுகு வலி என்னோடதுங்க. அதை ஊருக்குப் பிரிச்சுக் குடுக்க நீங்க யாரு? நான் கேட்டனா? நான் காத்து வாங்கிட்டு, இளநீ குடிச்சுட்டு, இந்த மரம் எவ்வளவு அழகு பாருங்கன்னு சொல்லிட்டு வந்தனே, அப்பெல்லாம் யாரோ நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. என்னையும் கூட்டுச் சேத்துட்டீங்க.” அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. “என்னை அந்தப் புள்ளைகிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

“ஆட்டோவுல உன்னால...”

“நடந்து.”

தமயந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் இருவரும் நடந்தார்கள். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரைக்கும், வேகத்தடையை ஏறி இறங்கி, சந்தை வாய்க்காலின் ஓரத்தில் கை பிடித்துச் சாய்ந்து, எடைமேடையின் தகரங்களைத் தாண்டி. டாக்டர் குடை பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் வந்தார். எத்தனையோ தடவை சக்கரத்துக்கடியில் இல்லாமல் போன குழிகளை அப்போதுதான் அவர் கண்ணால் பார்த்தார். சில குழிகளில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். பூங்கோதை தலையசைத்துவிட்டு நடந்தாள்.

உப்புக்கிணற்று வீதி அவர்களை விருந்தாளிகள்போல் எதிர்கொண்டது. நாற்காலி வந்தது, சோடா வந்தது. டாக்டர் எழுந்து நின்று, நடந்தது எல்லாம் தன்னால்தான் என்று சொல்ல ஆரம்பித்தபோது, “உடுங்க டாக்டர், தெரிஞ்சதுதானே,” என்று டீக்கடைக்காரர் அவரை உட்காரவைக்கப் பார்த்தார். “நீங்க ஒண்ணும் வேணும்னு பண்ணலீங்க,” என்றார் கட்டிய பல்லோடு தையல்காரர். அவர்கள் அத்தனை பேரும் சீக்கிரம் மன்னித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். ஒரு பெரிய மனிதர் தங்கள் வீதியில் தலைகுனிந்து நிற்பது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டருக்கு அந்த அவசரத்தில் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது.

தமயந்தி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கைக்கட்டு நெஞ்சோடு சேர்த்துத் தொங்கியது.

“வேணும்னுதான் பண்ணுனாரு,” என்றாள்.

டீக்கடைக்காரர் கையிலிருந்த சோடாவைக் கீழே வைத்தார்.

“மொத மாசம் தெரியாம ஓட்டுனாரு, சரி. அப்புறம் தெரிஞ்சுதான் ஓட்டுனாரு. டீக்கடையில உக்காந்து பாத்துட்டுத்தான் போனாரு, நானே அன்னிக்கு அவருக்குப் பஜ்ஜி குடுத்தேன். நீங்கல்லாம் மன்னிச்சிக்கங்க. என் கை உங்க கை இல்ல.”

பூங்கோதை எழுந்து போய் அவள் பக்கத்தில், அந்தக் கல்படியில் மெதுவாக உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. “ரொம்ப எரியுதா கண்ணு?” என்று கேட்டாள்.

“எரியுதுங்க.”

“காத்துப் பட்டா?”

“காத்துப் படாட்டியும் எரியுது.”

 வலியைப் பற்றித் தெரிந்தவர்கள் அதிகம் பேசுவதில்லை. பிறகு தமயந்தி டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“புஷ்ஷைக் கழட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்லம்மா. நாளைக்குப் பாட்சா வர்றார். கழட்டி எரிச்சிடறேன்.”

“எரிச்சிட்டா? உங்க பாவம் போயிரும், எனக்கு என்ன ஆகும்? கழட்டாதீங்க. கை ஆறட்டும். ஒரு நாள் நான் அந்த வண்டியில போகோணும். இந்த அக்காவும் என்கூட வரட்டும். என் கை ஒரு தடவகூட அலுங்காம நானும் ஒரு எடம் போய்ப் பாக்கோணும். நீங்க இங்க உக்காருங்க. என் அடுப்புக்கிட்ட.”

பூங்கோதை கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “அவரு வாங்கிக்கறேன்னா நான் வர்றேன்,” என்றாள். டாக்டர் தலையாட்டினார். ஏனென்று தெரியாமல், பல நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு மூச்சு முழுதாக உள்ளே போனது.

அந்த நாள் வந்தபோது உப்புக்கிணற்று வீதி காலையிலிருந்தே காலியாக ஆரம்பித்தது. வேறு யாரும் அன்றைக்குப் பங்கு வாங்கக் கூடாது என்பது தமயந்தியின் கண்டிப்பு. திருவிழாவுக்குப் போகிறதுபோல் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் புறப்பட்டார்கள். முடிவெட்டுகிறவர் தன் பெரிய கண்ணாடியைத் தலையில் சுமந்தார், அதில் வீதியும் வானமும் ஆடிக்கொண்டு போயின. கிளிக்கூண்டு போனது, தையல் மெஷின் தள்ளுவண்டியில் போனது, மீன் தொட்டியை இரண்டு பேர் பிரேதம் தூக்குகிற கவனத்தோடு தூக்கிப் போனார்கள், தொட்டில் குழந்தைகள் இடுப்பில் போயின, கடைசியாக ரெஜினாமேரி மாதா சொரூபத்தைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகிற ஒவ்வொருவரும் டாக்டரிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். சுவரில் சாயாதீங்க என்றார் ஒருவர். வாயை மூடிக்கங்க டாக்டர், நாக்கு பத்திரம் என்றார் தையல்காரர்.

தமயந்தி நீலப் புடவை கட்டியிருந்தாள். ஆறிய கையில் தோல் புதிதாக, ரோஜா நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அணைந்த அடுப்பின் பக்கத்தில் பலகை போட்டு டாக்டரை உட்காரவைத்தாள். தன் எண்ணெய்ச் சட்டியைக் கழுவி, விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

“பச்சைத் தண்ணிதான். பயப்படாதீங்க. நான் வர்றப்பப் பாதியாவது இதுல இருக்கோணும்.”

வெளியே பாட்சா ஹாரன் அடித்தார். பூங்கோதை முன்சீட்டைத் தமயந்திக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் ஏறினாள். வண்டி வீதியைவிட்டு, ஞாயிறுகளில் போகிற பாதையைப் பிடிக்கச் சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போகும்வரை ஒன்றும் ஆகவில்லை.

சந்தை வாய்க்கால் வந்தது. டாக்டர் இடுப்பிலிருந்து சாய்ந்து, சட்டியைக் காப்பாற்றினார். கால்வாசித் தண்ணீர் மடியில் கொட்டியது. எடைமேடை அவர் முழங்கால்களைத் தரையில் அடித்தது. ரயில்வே கேட்டில் முதல் உலுக்கலை அவர் தோளில் வாங்கினார், இரண்டாவது தலையைச் சுவரில் கொண்டுபோய் மோதியது. ஒவ்வொன்றையும் அவர் அடையாளம் கண்டார். ஒவ்வொன்றும் தான் ஒரு காலத்தில் அலுங்காமல் கடந்துபோன இடம் என்று பட்டது. ஆற்றுச் சாலை வந்தது. உடைந்த சிறுபாலம் வந்தது. அது வரும் என்று தெரிந்து, சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்; அது அவரைப் பலகையிலிருந்து தூக்கி அடுப்பு மேட்டில் போட்டது. வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது சட்டியில் ஒரு கையளவு தண்ணீர் இருந்தது.

மூலையில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. வீதியில் ஒரு காக்கைகூட இல்லை. டாக்டர் குடத்தைப் பார்த்தார். இரண்டு செம்பு ஊற்றினால் சட்டி பாதிக்கு வந்துவிடும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சட்டியை மறுபடியும் இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சிறுபாலத்தைத் தாண்டினால் ஆறு, ஆற்றோடு வண்டி திரும்பும் என்று நினைத்திருந்தார். திரும்பவில்லை. ஒரு நீண்ட, மெல்லிய நடுக்கம் தொடங்கியது, சரளைக்கல் சாலையாக இருக்கலாம். பிறகு இடமும் வலமுமாக ஒரு ஆட்டம், மரப்பாலமோ என்னவோ. பிறகு அவருக்குப் பெயர் தெரியாத ஏற்றங்களும் இறக்கங்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அவர் அந்தப் பக்கமெல்லாம் போனதே இல்லை. யார் கேட்டு அவ்வளவு தூரம் போகிறார்கள், தமயந்தியா பூங்கோதையா, எப்போது திரும்புவார்கள், திரும்புகிற எண்ணம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில் காலி வீதியில் கதவு கதவாக நகர்ந்துகொண்டிருந்தது. சட்டியின் அடியில் மிஞ்சிய தண்ணீர் ஒரு கணம் அசையாமல் நின்றது. டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த குழி வந்தது.